சமையல் சோடாவும் வினிகரும்: வரும் வாயுவை எதைக் கொண்டு அளப்பது?

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொங்கியது எவ்வளவு என்று கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பள்ளிச் செயல்திட்டத்துக்காகவோ சும்மா ஆசைக்காகவோ இதை அளக்க உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பலூனா, தண்ணீரில் கவிழ்த்த அளவுசாடியா, சிரிஞ்சா, தராசா? நான்கும் வேலை செய்யும். ஆனால் நான்கும் நான்கு எண்களைக் கொடுக்கும். ஒரே சோடா, ஒரே வினிகர், விடை மட்டும் வேறு வேறு என்றால் எதை நம்புவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்தம் எவ்வளவு வாயு வந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும், 0.1 கிராம் வரை காட்டும் தராசும் இருக்கிறது என்றால், தராசுதான். பாடப்புத்தகப் படங்களில் கம்பீரமாக நிற்கும் கவிழ்த்த அளவுசாடிக்கு, இந்த வாயுவைப் பொறுத்தவரை, தகுதிக்கு மீறிய மரியாதை கிடைத்துவருகிறது. ஆனால் கேள்வி மாறினால் தேர்வும் மாறும். வாயு மாறினால் வரிசையே தலைகீழாகிவிடும். அதனால் காரணங்களோடு பார்த்துவிடலாம்.

## முதலில் கணக்கு

வரவேண்டிய அளவு முன்பே தெரிந்திருந்தால்தான், வந்த அளவில் எவ்வளவு தப்பியது என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கு ஒன்றும் கடினமில்லை.

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தோடு அது ஒரு மோலுக்கு ஒரு மோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு) என்ற விகிதத்தில் வினைபுரிகிறது. கிடைப்பவை சோடியம் அசிட்டேட், தண்ணீர், கரியமில வாயு எனப்படும் கார்பன் டைஆக்சைடு. சோடாவில் ஒரு மோல் 84 கிராம், வாயுவில் ஒரு மோல் 44 கிராம். ஆக 1 கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் 0.52 கிராம் வாயு வரும். கடல்மட்டக் காற்றழுத்தத்தில், 25 டிகிரி செல்சியஸில், அது சுமார் 290 மி.லி. இடத்தைப் பிடிக்கும். 5 கிராம் சோடாவுக்கு 2.62 கிராம், அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக 1.46 லிட்டர். கட்டுரை முழுவதும் இந்த 5 கிராம் கணக்கையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

வினிகர் எவ்வளவு? 5 சதவீத வினிகரானால் 1 கிராம் சோடாவுக்கு 14 அல்லது 15 மி.லி. தேவை. 5 கிராமுக்கு 72 மி.லி. போதும், ஆனால் 100 மி.லி. ஊற்றிவிடுங்கள். சோடாவைத் தராசில் நிறுத்துத் தெரிந்துகொள்ளலாம். வினிகரின் வீரியத்துக்கோ புட்டியில் அச்சடித்த எண் மட்டுமே சாட்சி. ஆகவே முதலில் தீர்ந்துபோவது எப்போதும் சோடாவாக இருக்கட்டும். இன்னொன்று: பேக்கிங் பவுடர் வேறு, சமையல் சோடா வேறு. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமில உப்பும் மாவுச்சத்தும் கலந்திருக்கும். அதை நிறுத்துப் போட்டுவிட்டு இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் பாதிகூடத் தேறாது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் அளவுகோல், உங்கள் கேள்வி. "மொத்தம் எவ்வளவு", "எவ்வளவு வேகமாக", "இரண்டில் எது அதிகம்" ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள். மூன்றுக்கும் ஒரே கருவி சரிப்படாது.

இரண்டாவது, வாயு எந்த வழியாகத் தப்புகிறது, அந்தப் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது. பிழையே இல்லாத முறை கிடையாது. ஆனால் "இது எப்போதும் குறைத்துத்தான் காட்டும்" என்று தெரிந்த பிழையோடு குடித்தனம் நடத்தலாம். ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டும் பிழையோடு முடியாது.

மூன்றாவது, கருவியின் கொள்ளளவு. ஒரு கரண்டி சோடாவை 60 மி.லி. சிரிஞ்சுக்குள் அடக்க முடியாது. ஒரு சிட்டிகை சோடாவின் வாயுவைச் சமையலறைத் தராசு கண்டுகொள்ளவே செய்யாது.

நான்காவது, வெப்பநிலையும் அழுத்தமும். கன அளவை அளக்கும் எந்த முறையும் இவற்றுக்குக் கட்டுப்பட்டது. 10 டிகிரி மாறினால் கன அளவு 3 சதவீதத்துக்கு மேல் மாறும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் அதே வாயு ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். எடைக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

ஐந்தாவது, எத்தனை முறை திரும்பச் செய்ய முடியும் என்பது. ஒருமுறை அமைக்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும் முறையை யாரும் ஐந்து தடவை செய்வதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்த அளவை நம்புவதற்கும் இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரே வார்த்தை, நான்கு முறைகளுக்கும் பொது: வாயு வெளியேற வழியில்லாமல் எதையும் இறுக்கி மூடாதீர்கள். அரை லிட்டர் புட்டியில் 100 மி.லி. வினிகரும் 5 கிராம் சோடாவும் போட்டு மூடினால், உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு கூடுதல் அழுத்தம் ஏறும். கண்ணாடிப் புட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

## பலூன்

புட்டியில் வினிகர், பலூனுக்குள் சோடா. பலூன் வாயைப் புட்டி வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா விழும், பலூன் உப்பும். பார்க்க அழகு. இதில் உண்மையான நன்மை ஒன்றும் உண்டு: வினை தொடங்குவதற்கு முன்பே புட்டி மூடப்பட்டுவிடுகிறது. முதல் சில வினாடிகளில் பீறிடும் வாயுவை வேறு முறைகளில் கோட்டைவிடுவது போல இதில் விடுவதில்லை.

அளப்பதில்தான் கோளாறு. வழக்கமாகப் பலூனின் சுற்றளவை நூலால் சுற்றி எடுப்பார்கள். செ.மீ.-இல் எடுத்த சுற்றளவின் கனத்தை (சுற்றளவு × சுற்றளவு × சுற்றளவு) 59.2-ஆல் வகுத்தால் உருண்டையின் கன அளவு மி.லி.-இல் கிடைக்கும். நம்முடைய 1.46 லிட்டருக்குச் சுற்றளவு சுமார் 44 செ.மீ. சோடாவை இரட்டிப்பாக்கி 10 கிராம் போட்டாலும் சுற்றளவு 56 செ.மீ.தான் ஆகும். வாயு இரண்டு மடங்கு, நூலில் தெரிவதோ கால் பங்குக் கூடுதல். திருப்பிச் சொன்னால், நூலில் 1 செ.மீ. பிசகினால் கணக்கில் 100 மி.லி. பிசகும். போதாக்குறைக்குப் பலூன் உருண்டையும் இல்லை, பேரிக்காய்.

மறைந்திருக்கும் இழப்புகள் இன்னும் உண்டு. பலூனின் மடிப்புகளில் சோடாத்தூள் ஒட்டிக்கொள்ளும். விழுந்தது 5 கிராம்தானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரப்பர் இழுவிசையால் உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சில சதவீதம் கூடுதலாக இருக்கும், அந்த அளவுக்குக் கன அளவு குறைந்து தெரியும். புதுப் பலூன் முரண்டு பிடிக்கும். ஒருமுறை ஊதித் தளர்த்திய பலூன் வேறு மாதிரி உப்பும். கரியமில வாயு ரப்பர் வழியே காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால், நாளைக்கு அளக்கலாம் என்று வைத்துவிட்டுப் போனால் காலையில் சுருங்கிய பலூன்தான் மிஞ்சும்.

பலூனைத்தான் எடுப்பேன் என்றால் நூலை விட்டுவிடுங்கள். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய வாளியில் பலூனை முழுக்க அமிழ்த்தி, வழிந்த தண்ணீரைப் பிடித்து அளங்கள். வடிவம் எதுவானாலும் கவலையில்லை. கை எவ்வளவு உள்ளே போகிறதோ அதுவும் சேர்ந்து வழியும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தமான இடம்: வகுப்பறையில் காட்டுவதற்கு, "1 கிராம், 2 கிராம், 4 கிராம், எது பெரிது?" என்று சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எண் கேட்காதீர்கள்.

## தண்ணீரில் கவிழ்த்த அளவுசாடி

புட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய். தண்ணீர்த் தொட்டியில், தண்ணீர் நிரம்பிய அளவுசாடி தலைகீழாக. வாயு குமிழி குமிழியாக ஏறித் தண்ணீரைக் கீழே தள்ளும். சாடியின் கோட்டைப் படித்தால் விடை. 1727-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் வெளியிட்ட நூலிலேயே இந்த ஏற்பாட்டின் மூலவடிவம் இருக்கிறது. முறையில் பழுதில்லை. வாயுவோடுதான் ஒத்துப்போகவில்லை.

கரியமில வாயு தண்ணீரில் கரையும். கொஞ்சநஞ்சம் அல்ல: 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர், தன் மேல் முழுக்க அந்த வாயுவே இருந்தால், ஏறக்குறைய 800 மி.லி. வாயுவை விழுங்கிவிடும். 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீருக்குள் இதே வாயுவைப் புகுத்திச் சோடா நீர் தயாரிக்கும் வழியை வெளியிட்டார். நாம் அளவுசாடிக்குள் செய்வதும், விரும்பாமலே, அதுதான். இந்தத் தொந்தரவு தெரிந்ததால் ஹென்றி கேவண்டிஷ் 1766-இல் தண்ணீருக்குப் பதில் பாதரசத்தின் மேல் இந்த வாயுவைச் சேகரித்தார். அவருக்குத் துல்லியம் கிடைத்தது. நமக்குப் பாதரசம் வேண்டாம், அது நஞ்சு.

குமிழிகள் சாடி வழியே ஏறும் நேரம் குறைவு என்பதால் முழு அளவும் கரைந்துவிடாது. ஆனால் எவ்வளவு கரைந்தது என்பது குமிழியின் அளவு, தண்ணீரின் குளிர்ச்சி, நீங்கள் காத்திருந்த நேரம் என்று ஏதேதோ பொறுத்தது. அதனால்தான் இந்த முறையில் இன்றைய எண்ணும் நாளைய எண்ணும் ஒத்துவருவதில்லை.

தப்பிக்க வழிகள் இருக்கின்றன. பலருக்குத் தெரியாத, எனக்கு மிகவும் பிடித்த வழி இது: வினை நடக்கும் புட்டியைப் பெரிதாக எடுங்கள். 1 கிராம் சோடாவின் 290 மி.லி. வாயு, அரை லிட்டருக்கு மேல் வெற்றிடமுள்ள புட்டியில் உருவானால், அது கனமாகையால் பெரும்பாலும் அடியிலேயே தங்கி, மேலிருக்கும் சாதாரணக் காற்றைத்தான் குழாய்க்குள் தள்ளும். சாடிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று. காற்று தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. நமக்கு வேண்டியதோ கன அளவு மட்டும். தள்ளியது 290 மி.லி. என்றால் தள்ளப்பட்டதும் 290 மி.லி.தான். இதற்கு ஒரு விலை உண்டு: பெரிய புட்டியில் நிறையக் காற்று இருப்பதால் உள்ளங்கைச் சூடுகூடக் கணக்கைக் கெடுக்கும். அரை லிட்டர் காற்று 5 டிகிரி சூடானால் 8 மி.லி. விரியும். புட்டியைக் கையில் பிடிக்காமல் மேசையில் விடுங்கள்.

இன்னொரு வழி, தண்ணீருக்கு முன்பே வாயுவை ஊட்டிவிடுவது. ஒரு தடவை வினையை நடத்தி அந்த வாயுவைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டு வீணாக்குங்கள். அதன் பிறகு அளக்கும் தடவையில் தண்ணீரின் பசி அடங்கியிருக்கும். நிறைய உப்பு கரைத்த தண்ணீரானாலும் கரைதல் கணிசமாகக் குறையும்.

அடுத்தது மட்டம். சாடிக்குள் இருக்கும் தண்ணீர் மட்டமும் வெளித்தொட்டி மட்டமும் ஒன்றாக இருக்கும்படி சாடியை ஏற்றி இறக்கிய பிறகே படிக்க வேண்டும். 10 செ.மீ. வித்தியாசம் இருந்தால் 1 சதவீதப் பிழை. அதோடு, தண்ணீரின் மேல் சேர்ந்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும்: 25 டிகிரியில் சுமார் 3 சதவீதம். கரைதல் குறைத்துக் காட்ட, நீராவி கூட்டிக் காட்ட, இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் சரிக்கட்டி, கணக்குச் சரியாக வந்துவிட்டது போன்ற மாயையை உண்டாக்கும். ஏமாந்துவிடக் கூடாது.

மிகப் பெரிய இழப்பு இதிலெல்லாம் இல்லை. சோடாவைப் போட்டுவிட்டுத் தக்கையைத் தேடி அடைப்பதற்குள் பறந்துவிடுகிறதே, அதில்தான். சோடாவை ஒரு சின்ன மூடியில் வைத்து, அதைப் புட்டிக்குள் வினிகரின் மேல் மிதக்கவிட்டு, தக்கையை இறுக்கியபின் புட்டியை லேசாகச் சாய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். மெல்லிய காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிப் போட்டாலும் சில வினாடி அவகாசம் கிடைக்கும்.

பொருத்தமான இடம்: தராசு இல்லை, ஆனால் நல்ல அளவுசாடியும் பொறுமையும் இருக்கிறது, 1 கிராமுக்கு உட்பட்ட சோடா, கூடவே "வாயு கரைகிறது" என்பதையே ஆராய வேண்டும் என்ற எண்ணம். கடைசிக் காரணம் உண்மையில் நல்ல காரணம். வெறும் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஒரே வினையைச் செய்து வித்தியாசத்தை எழுதினால், அதுவே ஒரு முழுச் செயல்திட்டம்.

## சிரிஞ்ச்

ஊசி கழற்றிய 50 அல்லது 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சைக் குழாய் வழியே புட்டியோடு இணைத்தால், வாயு உலக்கையை வெளியே தள்ளும். தண்ணீரே இல்லை, ஆகவே சேகரிக்கும் இடத்தில் கரைதல் இல்லை. கோடுகள் ஒவ்வொரு மி.லி.-க்கும் இருக்கும். சில வினாடிக்கு ஒருமுறை படிக்கலாம். வேகத்தை அளக்க வேண்டுமானால் இதை விட்டால் வேறு கதியில்லை.

தடை கொள்ளளவுதான். 50 மி.லி. வாயுவுக்கு 0.17 கிராம் சோடா போதும். அதை எந்தச் சமையலறைத் தராசில் நிறுப்பது? நிறுக்க வேண்டாம், கரைத்துப் பங்கிடுங்கள். 5 கிராம் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மொத்தக் கரைசலை 100 மி.லி. ஆக்கினால், ஒவ்வொரு மி.லி.-யிலும் 0.05 கிராம் சோடா இருக்கும். 3 மி.லி. கரைசலில் 0.15 கிராம், அதிலிருந்து வரவேண்டிய வாயு சுமார் 44 மி.லி. சின்னச் சிரிஞ்சால் இந்த 3 மி.லி.-யை உள்ளே செலுத்தினால் அந்தத் திரவமும் 3 மி.லி. இடம் பிடிக்கும் என்பதை விடையில் கழித்துவிட வேண்டும். முன்பு சொன்ன மூடியைச் சாய்க்கும் வித்தையைச் செய்தால் கழிக்கவே தேவையில்லை.

உலக்கையின் ரப்பர் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தள்ளும் அளவுக்கு அழுத்தம் சேரும்வரை அசையாமல் நின்று, பிறகு திடீரென்று நகரும். இந்தப் பிழையைப் பெரிதாக்குவது புட்டியில் இருக்கும் காற்று: உலக்கை 5 சதவீதக் கூடுதல் அழுத்தம் கேட்டால், 100 மி.லி. வெற்றிடமுள்ள புட்டி தனக்குள்ளேயே 5 மி.லி.-யை அமுக்கி ஒளித்துக்கொள்ளும். இங்கே கவிழ்த்த சாடிக்கு நேர் எதிரான விதி: புட்டி சின்னதாக இருக்கட்டும். படிக்கும் முன் உலக்கையை அரைச் சுற்றுத் திருகித் தளர்த்துங்கள்.

வேகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரைந்த சோடாவும் வினிகரும் சந்தித்த கணத்திலேயே வினை முடிந்துவிடுகிறது என்றே சொல்லலாம். நாம் பார்க்கும் நேரம், வாயு குமிழியாகித் திரவத்தை விட்டு வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம். குலுக்கினால் வேகம், விட்டால் மந்தம். ஆகவே "வெப்பநிலை கூடினால் வேகம் கூடுகிறதா" போன்ற கேள்விக்குச் சோடாத்தூள் தோதான பொருள் அல்ல. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரையில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிதானமாகக் கரையும், எடையும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். சிரிஞ்சின் கோடுகளையும் ஒரு கடிகாரத்தையும் கைப்பேசியில் சேர்த்துப் படம்பிடித்துவிட்டால், பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொள்ளலாம்.

பொருத்தமான இடம்: வேகம், வளைகோடு வரைய வேண்டிய செயல்திட்டம், குறைந்த பொருளில் பலமுறை திரும்பச் செய்வது.

## தராசு

வாயுவைப் பிடிக்கவே வேண்டாம், போகவிடுங்கள். போனது எவ்வளவு என்று மிச்சத்தின் எடை சொல்லிவிடும். 1750-களில் ஜோசப் பிளாக் செய்ததும் இதுதான்: மக்னீசியம் கார்பனேட்டைச் சூடாக்கி, குறைந்த எடையைத் தராசில் பார்த்து, வெளியேறியது ஒரு தனி வாயு என்ற முடிவுக்கு வந்தார். இந்த வாயுவின் கதையே தராசில் தொடங்கியது என்பது என் பக்கச்சார்புக்கு ஒரு சின்ன ஆறுதல்.

செய்முறை எளிது. அகன்ற பாத்திரத்தில் வினிகர், ஒரு சின்னக் கிண்ணத்தில் சோடா, கலக்க ஒரு குச்சி. மூன்றையும் சேர்த்தே தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். காலிக் கிண்ணத்தைத் திரும்பத் தராசிலேயே வையுங்கள். அதில் ஒட்டிய தூளும் கணக்கில் இருக்க வேண்டும். பொங்கி அடங்கியதும் கலக்கி, எண் நிலைத்த பின் படியுங்கள். 5 கிராமுக்கு 2.62 கிராம் குறைய வேண்டும்.

குறையாது. இரண்டு இடங்களில் வாயு பதுங்கியிருக்கும்.

முதல் இடம், பாத்திரத்தின் வெற்றிடம். கரியமில வாயு ஒரு லிட்டருக்கு 1.80 கிராம், காற்று 1.18 கிராம். வாயு காற்றை வெளியே தள்ளிவிட்டுப் பாத்திரத்துக்குள்ளேயே குளம்போலத் தேங்கும். ஒரு லிட்டர் சாடியின் அடியில் 100 மி.லி. திரவம் இருந்தால், மேலே தேங்கும் வாயுவால் மட்டும் சுமார் 0.55 கிராம் குறைவாகத் தெரியும். வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு! தீர்வு, ஓர் அட்டையை வைத்து விசிறிவிடுவது, அவ்வளவுதான். விசிறும்போது தராசின் எண் கண்ணெதிரே இறங்குவதைப் பார்ப்பது, பலூன் உப்புவதைவிட எனக்குச் சுவையான காட்சி.

இரண்டாவது இடம், திரவமே. 100 மி.லி. திரவத்தில் 0.1 முதல் 0.15 கிராம் வாயு கரைந்து நிற்கும். பொங்கி முடிந்த உடனே இன்னும் கூடுதலாகவே இருக்கும். நன்றாகக் கலக்கிச் சில நிமிடம் விட்டால் பெரும்பகுதி போய்விடும்.

எதிர்ப்பக்கப் பிழைகளும் உண்டு. குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் துளிகள் பாத்திரத்துக்கு வெளியே விழுந்தால் அவையும் வாயுவாகக் கணக்கில் ஏறும். உயரமான பாத்திரம் தெறிப்பைத் தடுக்கும், ஆனால் வாயுவைத் தேக்கும். அகன்ற பாத்திரம் நேர்மாறு. நான் அகன்றதையே எடுப்பேன், சோடாவை மெதுவாகப் போடுவேன். ஆவியாதலைத் தெரிந்துகொள்ள, வெறும் வினிகரை அதே பாத்திரத்தில் அதே நேரம் வைத்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கழித்துவிடலாம்.

தராசிலும் சூழ்ச்சி உண்டு. சில சமையலறைத் தராசுகள் பூஜ்யத்தின் அருகே மெதுவாக மாறும் எடையைத் தள்ளாட்டம் என்று கருதித் தாமாகவே பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். ஆகவே பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்காதீர்கள். முழு எடையையும் காட்டவிட்டுக் கழித்தல் கணக்கை நீங்களே போடுங்கள். 1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசு என்றால் 5 கிராம் சோடாவுக்கு அது உதவாது.

பொருத்தமான இடம்: மொத்த அளவு, மலை ஊரிலும் கடலோரத்திலும் ஒரே விடை வேண்டும்போது, ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு தடவை செய்ய வேண்டும்போது.

பலூனையும் தராசையும் சேர்த்துச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பலூன் மாட்டிய புட்டியைத் தராசில் வைத்தால், எதுவும் வெளியேறவில்லை, எடை மாறக் கூடாது. ஆனால் சுமார் 1.7 கிராம் குறையும்! கசிவு என்று எண்ணிப் பலூனை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கசிவில்லை: 1.46 லிட்டர் உப்பிய பலூன் அவ்வளவு காற்றை விலக்குகிறது, விலக்கிய காற்றின் எடைக்கு மிதப்பு விசை மேலே தூக்குகிறது. பொருண்மை அழியாது என்று நிரூபிக்க இந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தர்மசங்கடம்தான்.

## நுரையின் உயரம்

பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து, ஒல்லியான சாடியில் நுரை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பதும் ஒரு வழி. எது அதிகம் என்று காட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நுரை உயரம் சோப்பைப் பொறுத்தும் மாறும்.

## ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் சோடா அளவு | முக்கிய இழப்பு | பிழை சாயும் பக்கம் | எந்தக் கேள்விக்கு |
|---|---|---|---|---|
| பலூன் | 2 முதல் 10 கிராம் | சுற்றளவுப் பிசகு, ரப்பர் அழுத்தம், கசிவு | பெரும்பாலும் குறைவு | எது அதிகம் |
| கவிழ்த்த அளவுசாடி | 1 கிராமுக்குள் | தண்ணீரில் கரைதல், தக்கை அடைக்கும் தாமதம் | குறைவு. நீராவியால் சற்றே கூடுதல் | மொத்தம் (கவனத்தோடு) |
| சிரிஞ்ச் | 0.15 கிராம் அளவில் | உலக்கை ஒட்டுதல் | குறைவு | வேகம் |
| தராசு | 5 கிராம், அதற்கு மேல் | தேங்கிய வாயு, கரைந்த வாயு, தெறிப்பு | முதல் இரண்டால் குறைவு, தெறிப்பால் கூடுதல் | மொத்தம் |
| நுரை உயரம் | எதுவும் | எல்லாம் | சொல்ல முடியாது | எது அதிகம் |

இரண்டு முறைகளுக்கு நேரம் இருந்தால் தராசையும் சிரிஞ்சையும் எடுங்கள். ஒன்று எடை, ஒன்று கன அளவு. பிழைகள் வெவ்வேறு வேர்களிலிருந்து வருபவை. சோடா ஒரு கிராமுக்கு இவ்வளவு வாயு என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதியாக எழுதலாம். பலூனையும் அளவுசாடியையும் சேர்த்து எடுப்பதில் அந்த லாபம் இல்லை. இரண்டும் ஒரே பக்கம் சாய்பவை, ஒத்துப்போனாலும் அது சாட்சி ஆகாது.

## வாயு வேறானால்

மேலே சொன்ன வரிசை கரியமில வாயுவுக்கு மட்டும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஈஸ்ட்டைப் போட்டால் வருவது ஆக்சிஜன். ஒரு லிட்டர் தண்ணீரில் அது 30 மி.லி. அளவே கரையும். 10 மி.லி. பெராக்சைடிலிருந்து 100 மி.லி.-க்குச் சற்று மேல் வாயு வரும். அதன் எடை 0.14 கிராம்தான். இங்கே சமையலறைத் தராசு செல்லாக்காசு. நான் மேலே இவ்வளவு குறை சொன்ன கவிழ்த்த அளவுசாடிதான் இதற்கு முதல் தேர்வு. இந்த வினை சூடு கிளப்பும் என்பதால் வாயு ஆறும்வரை பொறுத்துப் படியுங்கள்.

சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் நொதிப்பது இன்னொரு ரகம். 10 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 5 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு, சுமார் 2.9 லிட்டர், நாட்கணக்கில் வெளியேறும். சிரிஞ்சும் சாடியும் கொள்ளாது, பலூன் கசியும். புட்டியின் வாயிலிருந்து ஒரு குழாயை எடுத்துத் தண்ணீருள்ள கிண்ணத்தில் முனை அமிழும்படி விட்டுவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் புட்டியை மட்டும் கழற்றி நிறுங்கள். ஈஸ்ட் போடாத அதே அளவு சர்க்கரைத் தண்ணீரை இன்னொரு புட்டியில் பக்கத்திலேயே வைத்திருந்தால், அதில் குறைந்ததை இதில் கழித்துக்கொள்ளலாம்.